கூடங்குளம் சுவரைப் பத்தி எழுதினது போதும், வால்வைப் பத்தியும் கொஞ்சம் கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கூடங்குளம் பத்தி உங்க பேப்பர்ல கொஞ்ச நாளா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு இருக்காங்க. ஒருத்தர் அணுகுண்டு மாதிரி வெடிச்சிடும்ங்கறார், இன்னொருத்தர் அதெல்லாம் ஒண்ணும் இல்ல, உலையைச் சுத்தி மீட்டர் கணக்குல கனமான கான்கிரீட், அதுவும் ரெட்டைச் சுவர், ஃப்ளைட்டே வந்து மோதினாலும் அசையாதுங்கறார். ரெண்டு பேரும் அந்தச் சுவரையேதான் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் ஒரு அனல் மின் நிலையத்துல வால்வு மெயின்டனன்ஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். அணு உலைக்குள்ள காலெடுத்து வச்சதில்ல, ஆனா கிளாண்ட் பேக்கிங்ல இருந்து சீட் லேப்பிங் வரைக்கும் கையால பண்ணின ஆளுங்கறதால அணு உலை விபத்து ரிப்போர்ட்டுங்களைத் தேடித் தேடிப் படிக்கற பழக்கம் வந்துடுச்சு, படிக்கப் படிக்க ஒண்ணு மட்டும் நல்லா தெரியுது, சுவரைப் பத்தின சண்டை பாதி வீண் சண்டை.

ஏன்னா அந்தச் சுவர் பூராவும் ஓட்டை. குறை சொல்லணும்னு சொல்லல, ஓட்டை இல்லாம உலையே ஓடாது. நீராவி டர்பைனுக்கு வெளிய வரணும், ஃபீட் வாட்டர் உள்ள போகணும், உலைத் தண்ணியை சுத்தம் பண்ண வெளிய எடுத்து திரும்ப அனுப்பணும், சாம்பிள் எடுக்கணும், உள்ள இருக்கிற காத்தை மாத்தணும், தரையில தேங்கற தண்ணியை இறைக்கணும், கேபிள் போகணும், ஆளுங்க போய் வர ரெட்டைக் கதவு வேணும். எண்ணிப் பாத்தா நூத்துக்கு மேல வரும். பைப் சுவரைத் தாண்டற ஒவ்வொரு இடத்துலயும் கான்கிரீட்டுக்கு பதிலா காவலுக்கு நிக்கறது ஒண்ணோ ரெண்டோ வால்வுதான், அதுக்குப் பேருதான் கன்டெயின்மென்ட் ஐசோலேஷன் வால்வு, கன்டெயின்மென்ட்னா உலையைச் சுத்தி இருக்கிற அந்தக் கட்டடம். சாதாரண நாள்ல பாதி வால்வு திறந்தே இருக்கும், விபத்துன்னு சிக்னல் வந்தா சில செகண்டுல மூடணும், மூடினது பாஸ் ஆகாம, அதாவது கசியாம இருக்கணும். குழாயை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் தேஞ்சு போயிருந்தா ராத்திரி பூரா சொட்டிக்கிட்டே இருக்குமில்ல, அதேதான், இங்க சொட்டறது என்னங்கறதுதான் வித்தியாசம்.

இதுக்கு விதி இல்லாம இல்ல, விதி நல்லாவே எழுதியிருக்காங்க. அமெரிக்காவுல 1971ல வந்த ஜெனரல் டிசைன் கிரைட்டீரியாவுல 54ல இருந்து 57 வரைக்கும் இதுக்குன்னே ஒதுக்கியிருக்காங்க. உலைத் தண்ணி ஓடற பைப்போ, கட்டடத்துக்குள்ள இருக்கிற காத்தோட நேரா தொடர்பு உள்ள பைப்போ சுவரைத் தாண்டினா உள்பக்கம் ஒரு வால்வு வெளிப்பக்கம் ஒரு வால்வு வேணும், ஒவ்வொரு வால்வும் ஒண்ணு பூட்டு போட்டு மூடியிருக்கணும், இல்லேன்னா தானா மூடற வால்வா இருக்கணும். ரெண்டையும் ஒரே பக்கம் வச்சா என்னன்னு கேக்கலாம், உள்ள பைப் வெடிச்சு நீராவி அடிக்குதுன்னு வைங்க, உள்பக்கம் இருக்கிற மோட்டாரு ஒயரு எல்லாம் அந்தச் சூட்டுல அவுட் ஆகலாம், வெளிய இருக்கிறது தப்பிக்கும். ரெண்டுக்கும் ஒரே கரண்ட் லைன் இருக்கக்கூடாதுங்கறதும் இதே காரணத்துக்குத்தான். வெளிப்பக்க வால்வு சுவரை ஒட்டி எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வைக்கணும், ஏன்னா சுவருக்கும் அந்த வால்வுக்கும் நடுவுல இருக்கிற பைப் துண்டும் அந்த நேரத்துல சுவரோட வேலையைத்தான் பாக்குது. இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது, வெளிப்பக்கத்துல வெறும் செக் வால்வை, அதாவது ஒரு பக்கம் மட்டும் ஓட விடற வால்வை, தானா மூடற வால்வுன்னு கணக்குல சேக்கக் கூடாது. ஃபீல்டுல வேலை பாத்தவங்களுக்கு இது ஏன்னு உடனே புரியும், செக் வால்வு ரிவர்ஸ் ஃப்ளோ நல்லா அடிச்சாத்தான் சீட்ல போய் பதியும், மெதுவா கசியற நேரத்துல அரையும் குறையுமா தொங்கிக்கிட்டு நிக்கும், அதை அழுத்திப் பிடிக்க ஆளும் இல்ல மோட்டாரும் இல்ல. சர்வதேச அணுசக்தி முகமையோட டிசைன் விதியிலயும் 56வது தேவைன்னு இதே சங்கதி இருக்கு, நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும், அதாவது ஏஇஆர்பி, 2007ல கனநீர் உலைங்களோட கன்டெயின்மென்ட் டிசைனுக்குத் தனியா ஒரு கைடு போட்டிருக்கு.

சரி விதி இருந்துச்சே, அப்புறம் என்ன பிரச்சனைன்னு கேட்டீங்கன்னா 1979 மார்ச் 28ம் தேதி காலைல 4 மணிக்கு அமெரிக்காவுல பென்சில்வேனியா த்ரீ மைல் ஐலண்டு ரெண்டாவது யூனிட்ல நடந்ததைப் பாக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச பாகம் என்னன்னா உலைத் தண்ணியோட அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற பிரஷரைஸர் தொட்டி மேல இருந்த ரிலீஃப் வால்வு திறந்துச்சு, திரும்ப மூடல, பேனல்ல லைட் அணைஞ்சதைப் பாத்து ஆபரேட்டர்கள் மூடிடுச்சுன்னு நினைச்சாங்க. அந்த லைட் வால்வை இயக்கற சோலனாய்டு காந்தத்துக்கு கரண்ட் போகுதா இல்லையாங்கறதைத்தான் காட்டுச்சு, வால்வு மூடுச்சாங்கறதை அது எங்க காட்டுச்சு. ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல தண்ணி போய்க்கிட்டே இருந்துச்சு, உலையோட எரிபொருள்ல கிட்டத்தட்ட பாதி உருகிடுச்சு.

அதிகம் யாரும் பேசாத பாகம் இனிமேத்தான் இருக்கு. விபத்து ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் எமர்ஜென்சி தண்ணி பம்ப் தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு, அதாவது உள்ள ஏதோ தப்பு நடக்குதுன்னு மெஷினுக்கு தெரிஞ்சிடுச்சு. ஆனா வெளிய போற பைப்பையெல்லாம் மூடுன்னு சிக்னல் போகல. ஏன்னா அந்த பிளான்ட்ல கட்டடத்தை அடைக்கற சிக்னல் கட்டடத்துக்குள்ள அழுத்தம் 4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு) ஏறினாத்தான் வரும்னு வச்சிருந்தாங்க. தண்ணி மெதுவா கொட்டிக்கிட்டு இருந்ததால அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் ஏறவே இல்ல. தண்ணி ட்ரெயின் டேங்க்ல நிரம்பி அழுத்தம் ஏறினா கிழியற அதோட ரப்சர் டிஸ்க் தகடு கிழிஞ்சு தரைக்கு வந்துச்சு, தரையில தண்ணி சேந்தா இறைக்கறதுதானே சம்ப் பம்போட வேலை, அது பாட்டுக்கு தானா ஸ்டார்ட் ஆகி பக்கத்துல இருக்கிற ஆக்ஸிலரி பில்டிங்குக்கு இறைச்சு விட்டுச்சு. சுமார் 8000 கேலன், நம்ம கணக்குல 30 ஆயிரம் லிட்டர். விபத்து ஆரம்பிச்சு 38 நிமிஷம் கழிச்சு ஆபரேட்டர் ஒருத்தர் பாத்து பம்பை நிறுத்தினார், அப்ப எரிபொருள் இன்னும் கெடாததால அந்தத் தண்ணியில கதிரியக்கம் கம்மி, அந்த மட்டும் அதிர்ஷ்டம். கட்டடத்தை அடைக்கற சிக்னல் வந்தது கிட்டத்தட்ட 4 மணி நேரம் கழிச்சு.

அன்னிக்கு மத்தியானம் 1.50க்கு உள்ள ஹைட்ரஜன் எரிஞ்சு அழுத்தம் 28 பிஎஸ்ஐக்கு எகிறுச்சு. சுவர் அசையல, விரிசல் கூட விடல. 60 பிஎஸ்ஐ தாங்கற மாதிரி கட்டினது, தாங்குச்சு. வெளிய போன கதிரியக்க வாயுல பெரும்பகுதி உலைத் தண்ணியை சுத்தம் பண்ண வெளிய எடுக்கற லெட்டவுன் மேக்கப் லைன் வழியா ஆக்ஸிலரி பில்டிங் போய் அங்க இருந்த கசிவு வழியா போச்சு. போனது முக்காவாசி ஸெனான் மாதிரி வாயுங்க, அயோடின் ரொம்பக் கம்மி, சுத்தி இருந்த சனங்களுக்குக் கிடைச்ச டோஸ் சின்னதுதான்னு அரசாங்க ஆய்வுங்க சொல்லுது, அதை நான் மறைக்கல, பயமுறுத்தற ஆளு நான் இல்ல. ஆனா சுவர் பூரா மார்க் வாங்கின பரீட்சையில பைப் ஃபெயில் ஆச்சுங்கறது உண்மைதானே. ஃப்ளைட் மோதினா தாங்குமான்னு கேக்கற அன்பர்கள் இதுக்கு ஒரு பதில் சொல்லட்டும்.

அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் என்ஆர்சி அடுத்த வருஷம் 1980 நவம்பர்ல போட்ட உத்தரவுல இந்த வால்வுக்குன்னு தனியா ஒரு பகுதி வந்துச்சு, எனக்குத் தெரிஞ்சு இந்த சப்ஜெக்ட்ல எழுதினதுலயே உருப்படியான பக்கங்க அதுதான். அழுத்தம்னு ஒரே ஒரு அளவை நம்பாதே, வேற வேற அளவுல இருந்து சிக்னல் வரணும்னு சொன்னாங்க. எந்த பைப் விபத்து நேரத்துல அவசியம் எது அவசியம் இல்லன்னு பிரிச்சு எழுதி வை, அவசியம் இல்லாததெல்லாம் தானா மூடணும்னு சொன்னாங்க, இது இருந்திருந்தா அந்த சம்ப் லைன் அன்னிக்கே மூடியிருக்கும். சிக்னலை ரீசெட் பண்ணினவுடனே வால்வுங்க தானா திறந்துக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க. இந்தக் கடைசி பாயிண்ட் படிக்கறப்ப சின்ன விஷயமா தெரியும், ஆனா யோசிச்சுப் பாருங்க, பரபரப்புல ஆபரேட்டர் அலாரத்தை நிறுத்த ரீசெட் அமுக்கறார், அவருக்கே தெரியாம இருபது வால்வு ஒண்ணா திறந்துக்குது. அதனால ஒவ்வொரு வால்வையும் யோசிச்சு தனித்தனியா திறக்கணும், மொத்தமா திறக்கற வசதியே இருக்கக்கூடாதுன்னு ஆக்கினாங்க. காத்து மாத்தற பெரிய பர்ஜ் வால்வுங்க இருக்கே, ஆளு புகற சைஸ் பட்டர்ஃப்ளை வால்வு, அதுங்க கதிரியக்கம் ஏறினாலே மூடணும்னும் சேத்தாங்க.

மனுஷன் பண்ற கூத்து தனி. அதே 1979ல செப்டம்பர்ல மிச்சிகன் மாநிலத்துல பாலிசேட்ஸ்ங்கற அணு உலையில ஒண்ணு கண்டுபிடிச்சாங்க, பர்ஜ் லைனோட பைபாஸ்ல இருந்த ரெண்டு கை வால்வு சுமார் ஒன்றரை வருஷமா திறந்தே கிடந்திருக்கு. சும்மா திறந்து இல்ல, திறந்த நிலையில பூட்டு போட்டு வச்சிருந்தாங்க. மூடிப் பூட்ட வேண்டியதை திறந்து பூட்டியிருக்காங்க, ரவுண்ட்ஸ் போனவன் பூட்டைப் பாத்தான், சரின்னு டிக் போட்டான், வந்துட்டான். என்ஆர்சி 2,25,000 டாலர் அபராதம்னு சொல்லுச்சு, அந்தக் காலத்துல அது பெரிய தொகை. எந்த பிளான்ட்ல வேலை பாத்தவனைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு பூட்டுக் கதை வச்சிருப்பான், எங்க பிளான்ட்லயும் டேக் தொங்கற வால்வைத் தொட்டுக் கூட பாக்காம எழுதின லாக்புக் நான் பாத்திருக்கேன். விதிப்புத்தகத்துல பூட்டி வைக்கணும்னு போட்டுட்டா போதாது, ஒருத்தன் மூடினதை இன்னொருத்தன் தனியா போய் வீலைப் பிடிச்சு திருப்பிப் பாத்து கையெழுத்து போடணும்.

இப்ப டெஸ்டுக்கு வரேன், இந்த லெட்டர்ல முக்கியமான இடம் இதுதான். மூடின வால்வு நெசமாவே காத்து விடாம மூடியிருக்காங்கறதுக்கு அமெரிக்காவுல அபெண்டிக்ஸ் ஜேன்னு ஒரு விதி இருக்கு. அதுல மூணு வகை டெஸ்ட், கட்டடம் மொத்தத்தையும் காத்தடிச்சு பாக்கறது ஏ, கதவு கேஸ்கெட் கேபிள் ஓட்டை எல்லாம் பாக்கறது பி, ஒவ்வொரு ஐசோலேஷன் வால்வையும் தனித்தனியா காத்து அல்லது நைட்ரஜன் அடிச்சு எவ்வளவு பாஸ் ஆகுதுன்னு அளக்கறது சி. கட்டடம் மொத்தத்துக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு சதவீதம் காத்துதான் கசியலாம்னு ஒரு எல்லை, பல அமெரிக்க உலைங்கள்ல அது 0.1 சதவீதம் மாதிரி. பி, சி ரெண்டு டெஸ்ட்லயும் வந்த கசிவைக் கூட்டினா அந்த எல்லையில 0.6 பங்குக்கு உள்ள இருக்கணும். எண்ணு கிடக்கட்டும், அதுல ஒரு வரி இருக்கு பாருங்க, டெஸ்டுக்கு முன்னாடி வால்வை சாதாரணமா எப்படி மூடுவியோ அப்படித்தான் மூடணும், முன்கூட்டியே திறந்து மூடி பழக்கக் கூடாது, மோட்டார் மூடின பிறகு கையால ஒரு சுத்து இறுக்கக் கூடாது. இந்த வரியை எழுதினவர் கண்டிப்பா பிளான்ட்ல கை அழுக்கு பண்ணின ஆளாத்தான் இருக்கணும். டெஸ்டுக்கு முன்னாடி வீல்ல பைப் ரென்ச் போட்டு ஒரு இழுப்பு இழுத்துட்டு அப்புறம் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடறதுங்கறது உலகம் பூரா எல்லா ஃபிட்டருக்கும் தெரிஞ்ச வித்தை. விபத்து அன்னிக்கு அந்த இழுப்பு இழுக்க யார் போவா.

அதனாலதான் ஓவர்ஹால் பண்றதுக்கு முன்னாடி இருந்தபடியே எடுக்கற அளவு, பண்ணின பிறகு எடுக்கற அளவுன்னு ரெண்டு ரிசல்ட் வச்சிருப்பாங்க. பண்ணின பிறகு எடுத்த அளவு எப்பவும் அழகாத்தான் இருக்கும், புது சீட் போட்டு லேப் பண்ணி வச்ச வால்வு ஏன் பாஸ் ஆகப் போகுது. போன ஓவர்ஹால்ல இருந்து இந்த ஓவர்ஹால் வரைக்கும் உலை ஓடின காலத்துல அந்த வால்வு என்ன நிலைமையில இருந்துச்சுங்கறதை முன்னாடி எடுத்த அளவுதான் சொல்லும். ஒரு பிளான்ட் முன்னாடி அளவைச் சொல்லாம பின்னாடி அளவை மட்டும் சொன்னா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும்.

லைட்டை நம்பற வியாதியும் த்ரீ மைல் ஐலண்டோட முடியல. 2010 அக்டோபர்ல அலபாமா மாநிலம் பிரவுன்ஸ் ஃபெர்ரி முதல் யூனிட்ல ஷட்டவுன் நேரத்துல தண்ணி அனுப்பப் பாத்தா போகல. வால்வு திறந்திருக்குன்னுதான் பேனல் சொல்லுது. பிரிச்சுப் பாத்தா உள்ள ஸ்டெம், அதாவது தண்டு மட்டும் மேல போயிருக்கு, வழியை அடைக்கற தட்டான டிஸ்க் கழண்டு சீட்லயே உக்காந்திருக்கு. எவ்வளவு நாளா அப்படிக் கிடந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே பெரிய பாடாப் போச்சு. 2011 மே மாசம் என்ஆர்சி அதுக்கு சிவப்புக் குறி போட்டுச்சு, அவங்க கணக்குல அதுக்கு மேல மோசமான குறி கிடையாது. அது எமர்ஜென்சி தண்ணி லைன் வால்வு, திறக்க வேண்டியது திறக்கல, நான் பேசறது மூட வேண்டியதைப் பத்தி, ஆனா பாடம் ஒண்ணுதான். பேனல் லைட்டை எரிய வைக்கற லிமிட் ஸ்விட்ச் பாக்கறது ஸ்டெம்மை, டிஸ்க்கை இல்ல. ஓட விட்டு அளக்காம எந்த லைட்டையும் நம்பக் கூடாது.

ரெண்டு வால்வையும் இறுக்கமா மூடிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னும் நினைச்சுடாதீங்க. மூடின ரெண்டு வால்வுக்கு நடுவுல பைப்ல தண்ணி மாட்டிக்கிட்டு, விபத்துல கட்டடம் சூடாச்சுன்னா அந்தத் தண்ணி விரியப் பாக்கும், விரிய இடம் இருக்காது, பைப்பே கிழியலாம். 1996ல என்ஆர்சி எல்லா பிளான்டுக்கும் இதைக் கேட்டு கடிதம் போட்டுச்சு, பல இடத்துல ரிலீஃப் வால்வு வைக்க வேண்டி வந்துச்சு.

எல்லாத்துலயும் என்னைத் தூங்க விடாதது ஃபுக்குஷிமா முதல் யூனிட் கதைதான். 2011 மார்ச் 11 சுனாமி வந்தப்ப அங்க கரண்டே இல்லாம உலையை ஆத்தக்கூடிய ஐசோலேஷன் கண்டென்சர்னு ஒரு அருமையான ஏற்பாடு இருந்துச்சு, நீராவி தானா மேல போய் தண்ணித் தொட்டிக்குள்ள ஆறி தானா கீழ வரும், பம்ப் கிடையாது. அந்த பைப் கட்டடச் சுவரைத் தாண்டிப் போறதால அதுலயும் ஐசோலேஷன் வால்வு உண்டு, பைப் உடைஞ்சா தானா மூடற மாதிரி. அந்த உடைசல் கண்டுபிடிக்கற சர்க்யூட்டுக்கு கரண்ட் போனா என்ன பண்ணணும்? பாதுகாப்புப் பக்கமா யோசிச்சு, கரண்ட் போனா பைப் உடைஞ்சதாவே எடுத்துக்கோ, மூடுன்னு வச்சிருந்தாங்க. சுனாமித் தண்ணி பேட்டரி வரைக்கும் போச்சு, டிசி கரண்ட் போச்சு, மூடுன்னு சிக்னல் வந்துச்சு, மிச்சம் மீதி கரண்ட்ல வால்வு நகந்துச்சு, பேனல்ல ஒரு லைட் கூட இல்லாததால எந்த வால்வு எங்க நிக்குதுன்னு யாருக்கும் தெரியல. சாயந்திரம் 6 மணிக்கு மேல கொஞ்சம் கரண்ட் திரும்ப வந்தப்பத்தான் மூடின லைட் எரியறதைப் பாத்தாங்க. பிளான்ட் ஆபீஸ்லயும் டோக்கியோவுலயும் இருந்த மேலதிகாரிங்க பல பேர் அது ஓடிக்கிட்டு இருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. அதே ராத்திரி உலை உருகுச்சு.

அடுத்த நாள் அதுக்கு நேர் எதிர்க் கஷ்டம், கட்டடத்துக்குள்ள அழுத்தம் ஏறிப் போச்சு, காத்தைத் திறந்து விட்டே ஆகணும், ஆனா காத்தை வெளிய விடற வென்ட் லைன் வால்வுங்க மூடியே கிடந்துச்சு, கரண்டும் காத்தும் இல்லாம கன்ட்ரோல் ரூம்ல இருந்து திறக்க முடியல. கதிரியக்கத்துக்குள்ள ஆளுங்க டார்ச் அடிச்சுக்கிட்டுப் போய் ஒரு வால்வைக் கையால திறந்தாங்க, இன்னொண்ணுக்குக் கிட்டவே போக முடியாம பாதியில திரும்பினாங்க, கடைசியில வெளிய இருந்து கம்ப்ரஸர் கொண்டு வந்து காத்துக் கொடுத்துத்தான் மத்தியானம் 2.30 வாக்குல திறந்துச்சு. 3.36க்கு கட்டடத்தோட மேல் பாகம் ஹைட்ரஜன்ல வெடிச்சுது.

இங்க மூடணுமா திறக்கணுமாங்கறதே கேள்வி. விதியில என்ன எழுதியிருக்குன்னா கரண்ட் போனா எந்த நிலை அதிகப் பாதுகாப்போ அந்த நிலைக்குப் போகணும்னு. வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எது அதிகப் பாதுகாப்புங்கறதை வருஷக் கணக்கா முன்னாடி ஏசி ரூம்ல உக்காந்து ஒருத்தர் ட்ராயிங்ல முடிவு பண்றார், பைப் உடையற விபத்துக்கு மூடறது சரி, எல்லாக் கரண்டும் போற விபத்துக்கு அதே வால்வு திறந்து இருக்கறது சரி. ரெண்டும் சேந்து வந்தா? அதனால என் பார்வையில ஒவ்வொரு வால்வுக்கும் கடைசி வழியா ஒரு ஹேண்ட் வீல் வேணும், அது கதிரியக்கம் கம்மியா இருக்கிற இடத்துல இருக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது நெசமான ஆளு நெசமான முகமூடி போட்டுக்கிட்டு போய்த் திருப்பிப் பாக்கணும். ஆட்டோமேஷன் பெரிய படிப்பு படிச்சவங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

சரி நம்ம ஊருக்கு வரேன். கூடங்குளம் முதல் யூனிட் 2013 ஜூலை 13ம் தேதி முதல்முறையா கிரிட்டிகல் ஆச்சு, அதாவது அணுப்பிளவு தானா தொடர்ந்து நடக்க ஆரம்பிச்சுது, ரெண்டாவது 2016 ஜூலை 10. 3, 4 யூனிட்டுக்கு 2017லயும் 5, 6 யூனிட்டுக்கு 2021லயும் கான்கிரீட் போட ஆரம்பிச்சாங்க. ரெட்டைச் சுவர், உள்சுவருக்கு எஃகு லைனர், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற காத்தைக் கம்மி அழுத்தத்துல வச்சு ஃபில்டர் வழியா வெளிய விடறது, எல்லாம் நல்ல டிசைன், அதுல எனக்கு சண்டை இல்ல. சுவரே விழுந்த கதையும் நம்ம நாட்டுல உண்டு, 1994 மே மாசம் கர்நாடகாவுல கைகா முதல் யூனிட் கட்டறப்ப உள் டோமோட அடிப்பக்கம் உரிஞ்சு கீழ விழுந்துச்சு, நல்லவேளை எரிபொருள் போடறதுக்கு முன்னாடி. அப்புறம் 2013 ஏப்ரல்ல கூடங்குளத்துல ஆயிரக்கணக்கான வால்வுங்களை டெஸ்ட் பண்ணினதுல ஒரே வகையைச் சேந்த நாலு வால்வு சரியா வேலை செய்யல, பாகங்களை மாத்திட்டோம்னு ஏஇஆர்பியே அறிக்கை விட்டுச்சு. அந்த நாலும் நான் பேசற ஐசோலேஷன் வால்வுன்னு நான் சொல்லல. டெஸ்ட்ல மாட்டுச்சுங்கறது நல்ல விஷயம், டெஸ்ட் எதுக்கு இருக்கு. ஆனா அந்த அறிக்கை மாதிரி சுருக்கமா ஒரு அறிக்கை வந்தா படிக்கறவனுக்கு என்ன புரியும், எந்த வால்வு, எந்த லைன், என்ன பழுது, எவ்வளவு பாஸ் ஆச்சு, ஒண்ணும் தெரியாது. தெரியாததாலதான் ஒரு பக்கம் நாலு வால்வை நாப்பதுன்னு பேசறாங்க, இன்னொரு பக்கம் வால்வுன்னு வாயைத் திறந்தாலே தேசவிரோதிங்கறாங்க.

அமெரிக்காவுல ஒரு ஐசோலேஷன் வால்வு டெஸ்ட்ல எல்லையைத் தாண்டி ரிப்போர்ட் பண்ற அளவுக்குப் போச்சுன்னா 60 நாளுக்குள்ள அந்தக் கம்பெனி எழுத்துல ரிப்போர்ட் கொடுக்கணும், வால்வோட பேரு, எவ்வளவு கசிவு, ஏன், முன்னாடி இப்படி நடந்திருக்கான்னு எல்லாம் போட்டு, அதை யார் வேணா டவுன்லோட் பண்ணிப் படிக்கலாம், ரிட்டயர் ஆகி சேலத்துல உக்காந்திருக்கிற நானே படிக்கறேன். பாலிசேட்ஸ் பூட்டுக் கதை இன்னிக்கு நமக்குத் தெரியறதே அவங்க அதை ஒளிச்சு வைக்காததாலதான். நம்ம ஊர்ல 2012 ஏப்ரல்ல மத்திய தகவல் ஆணையம் கூடங்குளத்தோட பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைக் கொடுங்கன்னு உத்தரவு போட்டதுக்கு உலையை நடத்தற அரசுக் கம்பெனி என்பிசிஐஎல் டெல்லி ஹைகோர்ட் படி ஏறுச்சு. ட்ராயிங்கை எல்லாம் கொடுக்கச் சொல்லல ஐயா, பாதுகாப்பு ரகசியம்னா வச்சுக்கட்டும். பாஸிங் அளவு எந்த எதிரி நாட்டுக்கு என்ன உபயோகம்?

அதனால ஆசிரியர் ஐயா, அடுத்த தடவை உங்க நிருபர் கூடங்குளம் அதிகாரிங்களைப் பாக்கறப்ப உலை பாதுகாப்பா இருக்கான்னு கேக்க வேண்டாம், இருக்குன்னு ஒரு வார்த்தையில சொல்லி டீ கொடுத்து அனுப்பிடுவாங்க. இப்படிக் கேக்கச் சொல்லுங்க. போன எரிபொருள் மாத்தற ஷட்டவுன்ல ஐசோலேஷன் வால்வுங்களோட கசிவு, ரிப்பேருக்கு முன்னாடி இருந்தபடி எடுத்தது மொத்தம் எவ்வளவு, அனுமதிச்ச எல்லை எவ்வளவு, எத்தனை வால்வு தனியா ஃபெயில் ஆச்சு, அதுல போன தடவையும் ஃபெயில் ஆனது எது. ஐசோலேஷன் சிக்னலை ரீசெட் பண்ணினா தானா திறந்துக்கற வால்வு ஒண்ணாவது இருக்கா. கை வால்வு பூட்டுங்களை ரெண்டாவது ஆள் தனியா போய்ப் பாக்கற முறை இருக்கா, அந்த ரெண்டாவது ஆள் கான்ட்ராக்ட் ஆளா கம்பெனி ஆளா. ஒரு சொட்டு கரண்ட் இல்லாம, காத்து இல்லாம போனா எந்தெந்த வால்வு மூடும், எது இருந்த இடத்துலயே நிக்கும், அதுல கையால திறக்க வேண்டி வர்றது எது, அந்த ஹேண்ட் வீல் எந்த ரூம்ல இருக்கு, விபத்து நேரத்துல அந்த ரூம்ல ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நிக்கலாம். பதில் சொன்னா சொன்னபடி போடுங்க, சொல்லலைன்னா சொல்லலைன்னு போடுங்க. 3, 4 யூனிட்டுக்கு எரிபொருள் போடறதுக்கு முன்னாடி கட்டடம் மொத்தத்துக்கும் லீக் டெஸ்ட் நடக்கும், அந்த ரிசல்ட்டையும் தமிழ்ல ஒரு பக்கமாவது எழுதி ராதாபுரம் தாலுகா ஆபீஸ் போர்டுல ஒட்டச் சொல்லி ஏஇஆர்பிக்கு உங்க பேப்பர் பேர்ல ஒரு லெட்டர் போடுங்க, நான் தனியா போட்டா குப்பைக்குத்தான் போகும்.

லெட்டர் ரொம்ப நீளமாப் போச்சுன்னு தெரியும், இடம் பத்தலைன்னா அமெரிக்காக் கதையில எதை வேணா வெட்டிக்கங்க, மேல இருக்கிற கேள்விங்களை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வால்வு மெயின்டனன்ஸ் ஃபோர்மேன்,
சேலம்